விலகல் கடிதத்துக்கு ஒரு வகுப்பு: வேலூரில் ஆங்கிலக் கடிதப் பயிற்சி, என் மதிப்பீடு

சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தமிழ் மனுதான் அதிகம் வரும். மற்ற நாட்களில் ஆங்கிலக் கடிதம். அதிலும் யாராவது எதிலிருந்தாவது விலகுகிற கடிதம் தவறாமல் வரும். அபார்ட்மெண்ட் சங்கத்தில் பொருளாளர் பதவி வேண்டாம் என்று ஒருவர் வருவார். ஷூ கம்பெனி தொழிற்சங்கம் ஒன்று தனக்கு மேலே இருக்கிற சம்மேளனத்தோடு உறவை முறித்துக்கொள்ளும். குடியாத்தம் பக்கத்திலிருந்து நெசவாளர் சங்கத்துக்காரர்கள் வருவார்கள். அறக்கட்டளையில் அண்ணன் தம்பிக்குள் சண்டை என்றால் இரண்டு பேரும் தனித்தனியாக என் கடைக்கே வருவார்கள். இத்தனைக்கும் ஊரில் புழங்குவது ஒரே வாசகம்தான்: 'ஐ ஹியர்பை ரிசைன்'.

இதற்காகவே ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு மாடியில் நடக்கும் ஆங்கிலக் கடிதப் பயிற்சியில் சேர்ந்தேன். குறைகளையும் சொல்லப்போவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை. மாலை நேர வகுப்பு, கட்டணம் 3,500 ரூபாய். அலுவலகக் கடிதம், புகார்க் கடிதம், தீர்மானம், நோட்டீஸ் என்று பல பகுதிகள் உண்டு. மற்றவை எல்லாம் எந்தக் கைடிலும் கிடைக்கிற சரக்குதான். ஒரு குழுவை விட்டுப் பிரிவது, உறவை முறிப்பது பற்றிய வினைச்சொற்களுக்கு சார் ஒதுக்கிய பகுதி மட்டும் வேறு ரகம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சார் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரு சொல்லைப் போர்டில் எழுதுவார், கேள்வி கேட்பார். போனது ஒரு ஆளா, ஒரு கோஷ்டியா? போகிறேன் என்று முடிவெடுத்தது போனவரா, இருந்தவர்களா? போனபின் பழைய குழு இருக்கிறதா, இல்லையா? போனவர் எதிர்ப்பக்கம் சேர்ந்தாரா, சும்மா வீட்டில் உட்கார்ந்தாரா? இதற்கெல்லாம் பதில் சொன்னபிறகுதான் வாக்கியம் எழுத விடுவார். கடையில் நான் வாடிக்கையாளரிடம் இப்போது கேட்பதும் இதே கேள்விகள்தான். முன்பெல்லாம் "என்ன சார், ரிசைன் லெட்டர்தானே?" என்று உடனே தட்ட ஆரம்பித்துவிடுவோம்.

முதலில் அந்த 'ரிசைன்' விஷயம். பதவியை விடுவதும் உறுப்பினர் என்கிற நிலையையே விடுவதும் வேறு வேறு. பொருளாளர் வேலையை மட்டும் விடுகிறவர் 'ரிசைன் ஆஸ் ட்ரெஷரர்' என்று எழுத வேண்டும். சங்கத்தையே விடுகிறவர் 'ரிசைன் ஃப்ரம் தி அசோசியேஷன்' என்று எழுத வேண்டும். நம் ஊரில் முதலாவதை நினைத்துக்கொண்டு இரண்டாவதை எழுதுகிறவர்கள் ஏராளம். பிறகு பொதுக்குழுவுக்கு வந்தால், "உங்களுக்கு ஓட்டே இல்லை" என்று எதிர்க்கோஷ்டி அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டும். பதவியை மட்டும் விடுகிறவருக்கு 'ஸ்டெப் டவுன்' பாதுகாப்பான சொல் என்று சார் சொன்னார். ஆள் கீழே இறங்குகிறார், வெளியே போகவில்லை.

டைப் அடிக்கிறவனுக்கு இன்னொரு கண்ணிவெடி அந்தச் சின்னக் கோடு. 'ரீ' போட்டு, நடுவில் கோடு போட்டு, 'சைன்' என்று எழுதினால் மறுபடி கையெழுத்துப் போடுவது, அதாவது ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது. கோடு விழாமல் போனால் ராஜினாமா. இருக்கப்போகிறேன் என்பதும் போகிறேன் என்பதும் ஒரு கோட்டில் தொங்குகிறது. எங்கள் தொழிலில் இது தமாஷ் இல்லை.

'க்விட்' என்பதைக் கடிதத்தில் எழுதாதீர்கள், பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். கடந்த காலத்திலும் அது 'க்விட்'தான், பின்னால் 'ஃப்ரம்' ஒட்டாது. 'லீவ்' என்பதற்கும் அப்படியே, 'ஃப்ரம்' வேண்டாம். 'லெஃப்ட் ஃப்ரம் தி யூனியன்' என்று நம்மவர்கள் எழுதுவது தமிழில் 'சங்கத்திலிருந்து' என்று யோசிப்பதால் வருகிறது. நம் ஊர் ஆங்கிலத்துக்கென்று உள்ள சொற்களையும் சார் விடவில்லை. காலேஜை விட்டவன் 'டிஸ்கன்டின்யூ' பண்ணினான், வேலையை விட்டவன் 'பேப்பர் போட்டான்'. இதெல்லாம் இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டு கம்பெனிக்கு எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். நம் சொல்லைக் கேலி செய்யாத ஆங்கில வாத்தியாரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வகுப்பு களைகட்டியது 'டிஃபெக்ட்' வந்தபோது. தன் பக்கத்தைக் கைவிட்டு எதிர்ப்பக்கம் போவது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் நாட்டிலிருந்து மேற்கு நாடுகளுக்குத் தப்பிய நடனக்காரர்கள், உளவாளிகள் எல்லோருக்கும் பத்திரிகைகள் போட்ட சொல் இது. ராணுவத்தை விட்டு ஓடி வீட்டுக்குப் போனவன் 'டெசர்ட்' செய்தவன், ஓடி எதிரி முகாமில் சேர்ந்தவன்தான் 'டிஃபெக்ட்' செய்தவன். நம் நாட்டில் இந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது அரசியல். 1967இல் ஹரியானா எம்எல்ஏ கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கிண்டல் அதிலிருந்து வந்தது. 1985இல் 52ஆவது திருத்தம் கொண்டுவந்து அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தார்கள். அதைத்தான் கட்சித்தாவல் தடைச் சட்டம் என்கிறோம்.

இங்கே சார் அந்த அட்டவணையின் நகலையே கொடுத்துப் படிக்கச் சொன்னார். தலைப்பில் 'டிஃபெக்‌ஷன்' என்று இருக்கிறது. ஆனால் யார் பதவி இழப்பார் என்று விதி சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லே இல்லை. கட்சி உறுப்பினர் நிலையை 'வாலண்டரிலி கிவன் அப்', அதாவது தானாக முன்வந்து விட்டுக்கொடுத்திருந்தால் என்று இருக்கிறது. 'ரிசைன்' என்று போட்டிருந்தால், கடிதம் கொடுக்காதவரையில் யாரையும் பிடிக்க முடியாது. 1994இல் ரவி நாயக் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது: விட்டுக்கொடுப்பது ராஜினாமாவைவிட விரிந்த பொருள் உள்ளது, எழுத்தில் ராஜினாமா இல்லாவிட்டாலும் ஒருவர் நடந்துகொள்வதை வைத்தே அவர் கட்சியை விட்டார் என்று முடிவுக்கு வரலாம்.

அதே அட்டவணையில் 'ஸ்ப்ளிட்' என்று ஒரு வாசலும் இருந்தது. சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் ஆகாது, பிளவு. தனியாகப் போனால் குற்றம், கும்பலாகப் போனால் குற்றமில்லை. 2003இல் 91ஆவது திருத்தம் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டது. இப்போது மிச்சமிருப்பது 'மெர்ஜ்' மட்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே இன்றைக்கு ஒரு கோஷ்டி பிரிந்து போக வேண்டுமானால், பிரிகிறோம் என்று சொல்லவே கூடாது, இன்னொன்றோடு இணைகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். டிவி விவாதங்களில் வருடக்கணக்காக இதைக் கேட்கிறோம். சொற்களை வைத்து யாரும் இப்படிப் பிரித்துக் காட்டியதில்லை.

வகுப்பில் ஒருவர், டீசண்டான மனிதர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுந்து எம்ஜிஆர் கதையைக் கேட்டார். அவருக்கு எந்த வினைச்சொல் போடுவது? 1972 அக்டோபரில் திமுகவிலிருந்து அவர் நீக்கப்பட்டார், அதே மாதம் 17ஆம் தேதி அதிமுகவைத் தொடங்கினார். ஆகவே 'எக்ஸ்பெல்' தான், அதுவும் செயப்பாட்டில். ஆனால் எத்தனையோ ஆங்கிலக் கட்டுரைகளில் 'பிரேக் அவே' என்று இருக்கும். 1949இல் அண்ணாவும் மற்றவர்களும் திராவிடர் கழகத்தை விட்டு வந்து திமுக தொடங்கியதற்கு 'பிரேக் அவே' சரியாகப் பொருந்தும், யாரும் அவர்களை வெளியேற்றவில்லை. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சித் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் எழுந்து போனார்களே, அந்தக் கணத்துக்கு 'வாக் அவுட்', அந்த வருடம் முடிவதற்குள் நடந்து முடிந்த மொத்தத்துக்கு 'ஸ்ப்ளிட்'. இந்த மூன்றையும் சார் போர்டில் எழுதிவிட்டு, யார் கதவைத் திறந்தார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றார்.

என் தொழிலுக்கு இதுதான் பிடித்தது. ஒரே சண்டையை இரண்டு பக்கமும் என்னிடம் டைப் அடிக்க வரும்போது, இவர்கள் 'அவர்கள் விலகினார்கள்' என்பார்கள், அவர்கள் 'எங்களை நீக்கினார்கள்' என்பார்கள். கோர்ட்டுக்குப் போனால் முதலில் தோண்டப்படுவது இந்தச் சொல்தான். சங்கத்தின் கணக்கு, கட்டடம், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருக்கிறவரிடம்தான் இருக்கும். விலகியவருக்கு அதில் பங்கு கேட்பது கஷ்டம். ஆகவே விலகுகிறேன் என்று எழுதுவதற்கு முன் நாலு தடவை யோசிக்கச் சொல்லி வாடிக்கையாளர் இரண்டு பேரைத் திரும்பிப் போகவே வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு நஷ்டம், பரவாயில்லை.

'சிசீட்' பகுதி நன்றாக இருந்தது, ஆனால் கொஞ்சம் இழுத்துவிட்டார். ஒரு நாட்டிலிருந்தோ கூட்டமைப்பிலிருந்தோ ஒரு பகுதி தன் முடிவாகப் பிரிந்துபோவது. 1860 டிசம்பர் 20ஆம் தேதி தெற்கு கரோலினா அமெரிக்காவை விட்டுப் பிரிவதாக அறிவித்தது. கடைசியில் பதினொரு மாநிலங்கள் ஆயின, உள்நாட்டுப் போர் வந்தது. 1869இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அப்படிப் பிரிந்ததே செல்லாது என்றது. இதற்கு முன்பே ரோமாபுரியில் சாமானியர்கள் ஊரை விட்டு வெளியேறி மலைமேல் போய் உட்கார்ந்த கதை, லத்தீன் வேர்ச்சொல் என்று ஒரு மணி நேரம் ஓடியது. எனக்குத் தேவையானது நம் ஊர்க் கதை: திராவிட நாடு கோரிக்கையும், 1963இல் வந்த 16ஆவது திருத்தமும். நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளரே உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று ஆனது. அந்த வருடமே திமுக தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டது. இதை இரண்டே வரியில் தாண்டிவிட்டார் சார். வேலூரில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறவர் கரோலினாவுக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசியாவது காஞ்சிபுரத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் மாவட்டப் பிரிவினையை எடுத்தபோது அந்தக் குறை தீர்ந்துவிட்டது. எங்கள் வகுப்பில் ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றானது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். "ராணிப்பேட்டை வேலூரை விட்டுப் பிரிந்தது, ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றார் சார். ஒரு பையன் 'சிசீட்' என்றான், இன்னொருவன் 'பிரேக் அவே' என்றான். பெல் கம்பெனி கேண்டீனில் வேலை பார்க்கிற ராணிப்பேட்டை அக்கா ஒருத்தர் உடனே, "எங்கள யாரும் கேக்கவே இல்லியே சார், அப்புறம் நாங்க எங்க பிரிஞ்சோம்?" என்றார். சார் சிரித்துவிட்டார். அதுதான் விடை. அரசாணை போட்டுப் பிரித்தது, ஆகவே செயப்பாட்டுவினை: 'வாஸ் கார்வ்ட் அவுட்'. மூன்றாகப் பிரித்ததற்குப் பத்திரிகைகள் 'ட்ரைஃபர்கேட்' என்று எழுதின. இரண்டாக என்றால் 'பைஃபர்கேட்', அதைத்தான் 2014இல் ஆந்திரா, தெலுங்கானா விஷயத்தில் நாடு முழுக்கக் கேட்டோம்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். அந்த வருடம் சித்தூர் தனி மாவட்டமானபோது வேலூருக்கு வந்தது கலெக்டர் நாற்காலி. பிறகு 1989இல் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் தனியாகி, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. இதில் எந்த ஊரும் தானாகப் பிரிந்து போகவில்லை. இந்த ஒரு உதாரணத்தை வைத்தே செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டையும் நடத்தி முடித்துவிட்டார்.

காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு 'டிஸ்அஃபிலியேட்' உபயோகப்படும். 'அஃபிலியேட்' என்பதற்குள் லத்தீனில் 'மகன்' இருக்கிறானாம், தத்து எடுப்பதுதான் பழைய பொருள். தாய்ச் சங்கம், கிளைச் சங்கம் என்று நாம் பேசுவதோடு ஒத்துப்போகிறது. தொழிற்சங்கம் சம்மேளனத்தை விட்டு வருவதற்கு இதுவே சரியான சொல். 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்த இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் இங்கே மாற்றப்பட்டன. அதற்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. முறித்துக்கொள்ளவில்லை, சட்டம் மாற்றிவைத்தது, 'ட்ரான்ஸ்ஃபர்'.

'வித்ட்ரா' பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. 2016 ஜூனில் பிரிட்டனில் மக்கள் முன் வைத்த வாக்குச்சீட்டில் இருந்தது 'லீவ்'. ஐரோப்பிய யூனியன் ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவில் இருப்பது 'வித்ட்ரா'. ஜனங்களுக்கு ஒரு சொல், வக்கீல்களுக்கு ஒரு சொல். கூட்டணி, ஒப்பந்தம், வேட்புமனு எதிலிருந்து பின்வாங்கினாலும் 'வித்ட்ரா' நிற்கும். சிங்கப்பூருக்கு எது சரி என்பதில் மட்டும் வகுப்பில் அடிதடி. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசிய நாடாளுமன்றம் 126 ஓட்டுக்கு எதிர்ப்பே இல்லாமல் சிங்கப்பூரைப் பிரித்துவிட்டது. 'செப்பரேட்' என்று பொதுவாக எழுதுகிறார்கள், 'எக்ஸ்பெல்' என்றும் எழுதுகிறார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த வாலாஜாக்காரர் ஒருவர், துரத்திவிட்டார்கள் என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

'பிரேக்' குடும்பத்துக்கு இன்னும் ஒரு நாள் கொடுத்திருக்க வேண்டும். 'பிரேக் வித்' என்றால் ஒருவரோடோ ஒரு வழக்கத்தோடோ கொள்கை ரீதியாக முறித்துக்கொள்வது. 'பிரேக் அவே ஃப்ரம்' என்றால் பெரிய குழுவிலிருந்து துண்டாக வெளியே வருவது. 'பிரேக் அப் வித்' காதலர்களுக்கு. ஒரு ஆள் தன் கடிதத்தில் சம்மேளனத்தோடு 'பிரேக் அப்' ஆனதாக எழுதி எல்லோரும் சிரித்தோம். 'பார்ட் வித்' பயங்கரம்: அது ஆளைப் பிரிவதில்லை, பொருளை மனமில்லாமல் கொடுத்துவிடுவது. ஆளைப் பிரிந்தால் 'பார்ட் ஃப்ரம்', வழி பிரிந்தால் 'பார்ட் வேய்ஸ் வித்'. இவற்றை எல்லாம் அரை மணியில் ஓட்டிவிட்டார்.

சந்தா கட்டாமல் விட்டவரைப் பற்றி எழுதும்போது எந்தப் பக்கமும் பழி போடாத சொல் ஒன்று கொடுத்தார்: 'சீஸ்ட் டு பி எ மெம்பர்'. விலகவும் இல்லை, நீக்கவும் இல்லை, உறுப்பினர் என்பது நின்றுவிட்டது, அவ்வளவுதான். காசு கட்டாமல் காலாவதியானதை 'லேப்ஸ்' என்றும் எழுதலாம். சங்கத் தீர்மானம் எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு வரியே கட்டணத்தில் பாதிக்குத் தேறும். எதிர்மாறாக, சங்கமே கலைந்துவிட்டால் 'டிஸ்பேண்ட்', அப்போது விலகுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

சரி, குறைகள். நோட்ஸ் என்று கொடுப்பது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்கிறேன், அது படிக்கிற தரத்தில் இல்லை. அட்டவணைப் பக்கத்தில் பாதி வரி கறுப்பாக இருந்தது, நான் என் கடையில் புதிதாக எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் கொடுத்தேன். கம்ப்யூட்டர் இன்டர்வியூவுக்குத் தயாராகிற காலேஜ் பசங்களையும் எங்களைப் போன்றவர்களையும் ஒரே அறையில் போட்டதால் அவர்களுக்கு இது போரடித்தது, எங்களுக்கு அவர்கள் போன் போரடித்தது. உச்சரிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாங்கள் எழுதிய கடிதங்களைத் திருத்தித் தருவதாகச் சேரும்போது சொன்னார்கள், கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. சான்றிதழுக்குத் தனியாகப் பணம் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாதியில் நின்றால் கட்டணம் திரும்பக் கிடையாது என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே அவர்கள் போட்டிருக்கிற சொல் 'டிஸ்கன்டின்யூ'. உடம்பு சரியில்லாமல் நின்ற ஒருவர், தான் நிற்கவில்லை, வர முடியாமல் போனது என்று வாதாடிப் பார்த்தார். பணம் வரவில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வக்கீல் குமாஸ்தா, சங்கச் செயலாளர், தொழிற்சங்க நிர்வாகி, என்னைப் போல டைப்பிங் கடை வைத்திருப்பவர்கள் சேரலாம். சரளமாகப் பேச வேண்டும் என்கிறவர்கள் வேறு இடம் பாருங்கள். வண்டி நிறுத்தக் கீழே இடம் இல்லை, ஆகவே பஸ்ஸில் வருவது உத்தமம். விலகல் கடிதப் பகுதிக்கு மட்டும் தனிக் கட்டணம் கட்டி உட்காரலாமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பேட்சில் இரண்டு பேரை 800 ரூபாய்க்கு அப்படி உட்காரவிட்டார்கள். கேட்காதவர்களுக்கு அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.